ராமும் போர்டும் ஒத்துப்போகவில்லையா? ஃபார்மட் அடிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று சுற்றுவட்டாரத்துக்கு எல்லாமே அங்கேதான். ஆவணி முகூர்த்த நேரத்தில் அந்தக் கடை அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கோரல்டிராவில் பெரிய ஃபைலைத் திறந்தாலே நீல ஸ்கிரீன் வருது, மூணு தடவை ஃபார்மட் அடிச்சாச்சு, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் புதுசு போட்டாச்சு, இப்போ போர்டே போச்சுன்னு சொல்றாங்க" என்றார். அவர் குரலில் அழுகை இல்லை, ஆனால் கொஞ்சம் விட்டிருந்தால் வந்திருக்கும்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன மாத்துனீங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "8 ஜி.பி. ராம் ஒண்ணு இருந்துச்சு, இன்னொரு 8 சேர்த்தோம்" என்றார். ராம் என்பது சிஸ்டம் ஓடும்போது வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், போர்டு என்பது அதையும் மற்ற பாகங்களையும் செருகும் மதர்போர்டு. விஷயம் முழுக்க அந்தப் பதிலில் இருந்தது. மூன்று ஃபார்மட்டுக்கும், சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றுக்கும் காசு கொடுத்த பிறகு அந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு வருத்தம். நம் பக்கம் ஒரு சிஸ்டம் என்பது பல வீடுகளில் ஒரு ஆளின் சம்பளத்துக்குச் சமம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பென் டிரைவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் இது ராம் சம்பந்தப்பட்டதுதானா என்று பாருங்கள். ராம் தகராறுக்கு ஒரு குணம் உண்டு, அது ஒரே மாதிரி வராது. இன்றைக்கு நீல ஸ்கிரீனில் "மெமரி மேனேஜ்மெண்ட்" என்று வரும், நாளைக்கு "ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்", அதற்கடுத்து "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா". பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ராம் மேல் சந்தேகம் வையுங்கள். எப்போதும் ஒரே பெயர், அதுவும் ஒரு குறிப்பிட்ட டிரைவர் பெயரோடு வந்தால் அது பெரும்பாலும் சாஃப்ட்வேர். இன்னொரு நல்ல அடையாளம்: பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சி.ஆர்.சி. எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை) வரும், அதே ஃபைலை மறுபடி விரித்தால் சரியாக வந்துவிடும். குரோமில் ஒவ்வொரு டேபாகச் செத்துப்போகும். விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும்போது பாதியில் ஃபைல் காப்பி ஆகவில்லை என்று நிற்கும், ஆனால் வேறு சிஸ்டத்தில் அதே பென் டிரைவ் நன்றாக ஓடும்.

நீல ஸ்கிரீனே இல்லாமல் பட்டென்று அணைந்து போனால், அதுவும் கேம் விளையாடும்போதோ கிராஃபிக்ஸ் கார்டு உழைக்கும்போதோ மட்டும் என்றால், அது எஸ்.எம்.பி.எஸ். அல்லது சூடு. விண்டோஸ் நடந்ததைப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று இருப்பதைக் காட்டி எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்றது என்று மட்டும்தான் அந்த 41 சொல்கிறது, ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை.

சரி, ராம் என்றே வைத்துக்கொள்வோம். கையை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, ஃபார்மட் அடிக்காதீர்கள். ராம் தப்பாக இருக்கும்போது விண்டோஸ் போட்டால், அந்தப் புது விண்டோஸின் ஃபைல்களே அந்த ராம் வழியாகத்தான் போகின்றன, போகிற வழியில் ஒரு பிட் புரண்டால் கெட்டுப்போன விண்டோஸ்தான் உள்ளே உட்காரும். பேக்கப் எடுப்பதற்கும் இதே கதைதான். சந்தேகமான ராமோடு பேக்கப் எடுத்தால் உங்கள் போட்டோவும் பத்திரிகை டிசைனும் காப்பி ஆகும்போதே கெட்டுப்போகலாம். ஒரே ஒரு ராம் ஸ்டிக்கோடு, அது டெஸ்ட்டில் சுத்தமாக வந்த பிறகு, பேக்கப் எடுங்கள்.

இரண்டாவது எர்த். நம் ஏரியாவில் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், ஆனால் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்று இருக்கிறதா? எர்த் இல்லாத இணைப்பில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கேபினட் உடம்பில் 100 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும், கரண்ட் மிகக் குறைவு என்பதால்தான் சுரீர் என்பதோடு விட்டுவிடுகிறது. போர்டு ஷார்ட் ஆகிவிட்டது என்று இதைப் பார்த்துப் பயந்து போர்டு மாற்றியவர்களை எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள், அது ராமுக்கு மட்டுமல்ல, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் நல்லது. கேபினட்டைத் திறக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை வடித்துவிடுங்கள். பிறகு கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

திறந்ததும் முதல் வேலை சுத்தம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று, எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்குத் தூசி. ராம் ஸ்டிக்கின் அடியில் இருக்கும் தங்க நிறக் கால்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மங்கலாகவோ கறுப்புப் புள்ளியாகவோ இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாக, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேயுங்கள். மணல் கலந்த பேனா அழிக்கும் ரப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சையே எடுத்துவிடும். ரப்பர் தூளை நன்றாகத் தட்டிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இருந்தால் துணியில் தொட்டுத் துடைத்துக் காய விடுங்கள். போர்டில் ராம் செருகும் ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சிலில் ஈரம் போகும். சுத்தமான பெயின்ட் பிரஷ் போதும். திரும்பப் போடும்போது இரண்டு பக்கமும் "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும், பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் லாக் இருக்கும், அதில் லாக் இல்லாத பக்கம் முழுசாக இறங்கியதா என்று குனிந்து பாருங்கள். நான் பார்த்த "ராம் டெட்" கேஸ்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிட்டன.

இப்போது ஸ்டிக்கரைப் படியுங்கள். டி.டி.பி. கடை அண்ணனின் பழைய ஸ்டிக்கில் "8ஜி.பி. 1ஆர்.எக்ஸ்.8 பி.சி.4-2666வி-யு.ஏ.2-11" என்று இருந்தது. பார்க்க ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருந்தாலும் அதில் எல்லாமே இருக்கிறது. பி.சி.4 என்றால் டி.டி.ஆர்.4 தலைமுறை ராம். 2666 வேகம். 1ஆர் என்றால் ஒரு ரேங்க், 2ஆர் என்றால் இரண்டு ரேங்க் (சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யும் சிப் கூட்டம்தான் ரேங்க்). எக்ஸ்.8 என்பது ஒவ்வொரு சிப்பும் எத்தனை பிட் அகலம் என்பது. அந்த "யு" என்ற எழுத்துதான் முக்கியம், சாதாரண டெஸ்க்டாப் ராம் என்று அர்த்தம். அந்த இடத்தில் "ஆர்" இருந்தால் அது சர்வர் ராம், ரிஜிஸ்டர்டு வகை, கழித்துக்கட்டிய சர்வர்களிலிருந்து மலிவாக வரும். ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் டிஸ்ப்ளேயே வராது.

தலைமுறை குழப்பம் பெரும்பாலும் வராது, ஏனென்றால் டி.டி.ஆர்.3க்கு 240 பின், டி.டி.ஆர்.4க்கும் 5க்கும் 288 பின், வெட்டு இருக்கும் இடமும் ஒவ்வொன்றுக்கும் வேறு, அமுக்கினாலும் இறங்காது. (அமுக்கி இறக்கியவர்களும் உண்டு, அந்த ஸ்லாட் அதோடு சரி.) குழப்பம் வருவது ஒரே தலைமுறைக்குள்தான்.

இதில் டி.டி.ஆர்.3தான் ரொம்பப் படுத்துகிறது. ஹெச்61 மாதிரி பழைய இன்டெல் போர்டுகள் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதற்கு 8 ஜி.பி. ராம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடுகிறார்கள். அந்த மலிவு ராமில் ஒரு வகை "ஏ.எம்.டி. மட்டும்" என்று விற்கப்படும், அதில் எக்ஸ்.4 சிப்புகள் இருக்கும், இன்டெல் டெஸ்க்டாப் போர்டு அதைப் படிக்காது. படித்தாலும் பாதிதான் காட்டும், இல்லை ஹேங் ஆகும். இன்னொன்று, நான்காம் தலைமுறை வரைக்குமான இன்டெல் ப்ராசஸர்கள் 8 கிகாபிட் டி.டி.ஆர்.3 சிப்பை ஏற்காது. அதனால் 8 ஜி.பி. ஸ்டிக் என்றால் முன்னால் 8 சிப், பின்னால் 8 சிப், மொத்தம் 16 இருக்க வேண்டும். கடையிலேயே ஸ்டிக்கைத் திருப்பி எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் இருந்தால் வாங்க வேண்டாம்.

லேப்டாப்புக்கு ஒரு வார்த்தை. 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்து, தம்பி தங்கைக்காக ராம் ஏற்றுகிறீர்கள் என்றால், ஸ்டிக்கரில் பி.சி.3 என்று இருக்கிறதா பி.சி.3எல் என்று இருக்கிறதா பாருங்கள். எல் என்றால் 1.35 வோல்ட், எல் இல்லாதது 1.5 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு எல் வகைதான் வேண்டும். பழைய ஸ்டிக்கையே கையில் எடுத்துக்கொண்டு போய் அதே மாதிரி வாங்குவது உத்தமம்.

அடுத்து டெஸ்ட். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும், ஒரு ஆரம்பத்துக்குச் சரி, ஆனால் அது பாஸ் ஆனது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ், இரண்டில் ஒன்றை வேறு நல்ல சிஸ்டத்தில் டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஏற்றுங்கள். முதலாவதின் இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், பிளஸ் முழுக்க இலவசம், நிறுத்தும் வரை ஓடும். பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆனதும் டெலீட் மாதிரி ஒரு பட்டனை அழுத்தினால் வரும் போர்டு செட்டிங்) செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன் ரிக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்து ஓட விட்டுப் படுத்துவிடுங்கள், காலையில் பாருங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான், "ஒண்ணுதானே" என்று விட முடியாது.

ராத்திரியில் பாஸ் ஆகி, மதியம் ஹேங் ஆகிறதா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மேல்மாடி அறையில் அக்னி நட்சத்திர மதியத்துக்கும் விடியற்காலைக்கும் வெப்பம் எவ்வளவு வித்தியாசப்படும் என்று உங்களுக்கே தெரியும். விளிம்பில் நிற்கிற ராம் குளிரில் பாஸ் ஆகும், சூட்டில் விழும். அப்படி இருந்தால் டெஸ்ட்டையும் மதியமே ஓட்டுங்கள்.

இப்போதுதான் இந்த வேலையின் உயிரான பகுதி. இரண்டு ஸ்டிக்கையும் வெளியே எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும் நேம் ஸ்லிப்பைக் கொஞ்சம் கிழித்து ஒன்று, இரண்டு என்று எழுதி சிப்பின் மேல் ஒட்டுங்கள், தங்கக் காலில் பட வேண்டாம். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் பயன்படுத்துங்கள், போர்டிலேயே ஏ2, பி2 என்று அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலான போர்டுகள் அந்த இரண்டைத்தான் முதலில் நிரப்பச் சொல்கின்றன. இரண்டு ஸ்லாட் போர்டு என்றால் கேள்வியே இல்லை.

பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒன்றாம் ஸ்டிக்கை மட்டும் அந்த இரண்டு ஸ்லாட்டில் முதலாவதில் போட்டு டெஸ்ட். அதையே அடுத்த ஸ்லாட்டில் போட்டு டெஸ்ட். அப்புறம் இரண்டாம் ஸ்டிக்கையும் அதே மாதிரி இரண்டு ஸ்லாட்டிலும். கடைசியாக இரண்டையும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், முடிவை நோட்டில் எழுத வேண்டும். மனசில் வைத்துக்கொள்கிறேன் என்றால் மூன்றாம் நாள் எது எந்த ஸ்லாட் என்று மறந்துவிடும், திரும்ப முதலிலிருந்து.

அந்த நோட்டுதான் பதில் சொல்லும். எரர் ஒரு ஸ்டிக்கின் பின்னாலேயே போகிறதா, எந்த ஸ்லாட்டில் போட்டாலும் அதுவே ஃபெயில் ஆகிறதா? ஸ்டிக் போச்சு, அதுவும் மெம்டெஸ்டில் ஒரே அட்ரஸில் திரும்பத் திரும்ப எரர் வந்தால் சந்தேகமே வேண்டாம். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் விழுகிறதா? அப்போது ராம் மேல் பழி போடாதீர்கள். ஸ்லாட், போர்டு, இல்லை ப்ராசஸர். தனித்தனியாக எல்லாம் பாஸ், சேர்த்துப் போட்டால் மட்டும் ஃபெயில் என்றால் இரண்டும் நல்ல ராம், அந்த போர்டில் அந்த வேகத்தில் சேர்ந்து ஓடத்தான் முடியவில்லை. நம் ஊரில் "போர்டு போச்சு" என்று முடிவு கட்டப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

ஸ்லாட் மட்டும் விழும் கேஸில் ப்ராசஸரை ஏன் சொன்னேன் என்றால், ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் இப்போது போர்டில் இல்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஏ.எம்.டி. 2003-லும் இன்டெல் 2008-லும் அதை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலோ ராமுக்குப் போகும் பாதையான சேனல் ஒன்று மொத்தமாகக் காணாமல் போகும். கூலரைக் கழற்றிப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் போர்டு என்றால் கொஞ்ச நேரம் சிஸ்டத்தை ஓட விட்டு, சூடாக்கி, அணைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிய பிறகு தூக்குங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வரும், பின் வளையும்.

சேர்ந்தால் விழுகிற கேஸுக்கு வருவோம், டி.டி.பி. கடையில் நடந்தது அதுதான். அவர் போர்டில் இருந்தது ஏ.எம்.டி.யின் ரைசன் 2000 வரிசை ப்ராசஸர், அது முறையாக ஏற்கும் அதிகபட்ச வேகம் 2933. புதிதாகப் போட்ட ஸ்டிக் 3200, அதில் எக்ஸ்.எம்.பி. ப்ரொஃபைல் இருந்தது. ராம் போட்ட பையன் நல்ல எண்ணத்தில்தான், "ஃபுல் ஸ்பீடு வரட்டும்" என்று பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்திருக்கிறான். எக்ஸ்.எம்.பி. என்பது ஓவர்கிளாக் ப்ரொஃபைல், ஸ்டிக்கின் கம்பெனி "இந்த ஸ்டிக் இந்த வேகத்தில், 1.35 வோல்ட்டில் ஓடும்" என்று எழுதி வைத்தது. அதை ஆன் செய்ததும் போர்டு பழைய 2666 ஸ்டிக்கையும் சேர்த்து 3200-க்கு ஓட்டியது. 1.2 வோல்ட்டில் 2666-க்காகச் செய்த பழைய ஸ்டிக் அந்த ஓட்டத்துக்கு வரவில்லை, சின்ன ஃபைல் திறக்கும்போது எப்படியோ தாக்குப்பிடித்தது, கோரல்டிராவில் பெரிய பேனர் திறந்து ராம் நிரம்பியதும் விழுந்துவிட்டது. தனித்தனியாக நான்கு டெஸ்ட்டும் பாஸ். டிஃபால்ட்டில் சேர்த்துப் போட்டும் ராத்திரி முழுக்கப் பாஸ். எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்தேன், ஏழாவது நிமிடத்தில் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு வரி. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை, போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார்.

உங்களுக்கும் இதே நிலைமை என்றால் எக்ஸ்.எம்.பி.யை அணையுங்கள், ஏசுஸின் ஏ.எம்.டி. போர்டில் டி.ஓ.சி.பி. என்று இருக்கும், ஏ.எம்.டி. டி.டி.ஆர்.5 போர்டில் எக்ஸ்போ என்று இருக்கும், மூன்றும் ஒரே வேலைதான். ஆட்டோவில் விட்டால் இரண்டில் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்குப் போர்டே இறங்கிக்கொள்ளும். அதிலும் எரர் வந்தால் கையால் இன்னும் ஒரு படி குறையுங்கள், 2666-லிருந்து 2400. கமாண்ட் ரேட் என்று ஒரு செட்டிங் இருந்தால் 2டி வையுங்கள். வோல்ட்டேஜை ஏற்றிப் பார்க்கலாம் என்று யூடியூபில் சொல்வார்கள், ஸ்டிக்கரில் எழுதியிருப்பதற்கு மேல் ஏற்றாதீர்கள். 2666-க்கும் 3200-க்கும் பத்திரிகை டிசைன் செய்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, நடுவில் நின்று போனால் அன்றைய பிழைப்பே போய்விடும்.

நான்கு ஸ்டிக் போட்டிருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஸ்டிக் கூடக் கூட கன்ட்ரோலர் ஏற்கும் வேகம் குறையும். ரைசன் 7000-க்கு ஏ.எம்.டி. சொல்வது இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. பெட்டியில் 6000 என்று எழுதியிருக்கிறதே என்று நான்கையும் 6000-ல் ஓட்ட நினைத்தால் சிஸ்டம் விழத்தான் செய்யும். இன்னொன்று, டி.டி.ஆர்.5 சிஸ்டத்தில் புது ராம் போட்டதும் முதல் தடவை பல நிமிடம் கறுப்பு ஸ்கிரீன்தான் இருக்கும், போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. டிஸ்ப்ளே வரவில்லை என்று பதறி பவரைப் பிடுங்காதீர்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் ஒன்றும் இல்லை என்றால் பிறகு பார்க்கலாம்.

அப்படி ஒன்றும் வராமல் நின்றால், பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தால், சி.மாஸ் கிளியர் செய்யுங்கள், அதாவது போர்டு சேமித்து வைத்த பயாஸ் செட்டிங்கை அழியுங்கள். கேபிளைப் பிடுங்கிவிட்டு போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை, சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும், எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து திரும்பப் போடுங்கள். ஐந்தாறு வருஷ சிஸ்டம் என்றால் புது பேட்டரியே போட்டுவிடுங்கள், கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி மாதிரி மலிவுதான்.

பயாஸ் அப்டேட்டைக் கடைசியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ராம் ஒத்துப்போகாத பிரச்சனைக்கு அது உண்மையிலேயே மருந்து, 2017-ல் ரைசன் வந்த புதிதில் ராமோடு இருந்த தகராறு பலதும் பயாஸ் அப்டேட்டில்தான் சரியானது. ஆனால் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடும். யு.பி.எஸ். இல்லாமல் செய்யாதீர்கள், மின்வாரியம் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். போர்டு மேலேயே மாடல் பெயரும் பக்கத்தில் "ரெவ்" என்று ஒரு எண்ணும் இருக்கும், இரண்டையும் போட்டோ எடுத்து, போர்டு கம்பெனி தளத்தில் அதே மாடல், அதே ரெவ் பார்த்து டவுன்லோட் செய்யுங்கள். முக்கியமாக, அப்டேட் செய்யும்போது டெஸ்ட்டில் பாஸ் ஆன ஒரே ஸ்டிக், டிஃபால்ட் வேகம். தப்பான ராமோடு பயாஸ் எழுதுவது விஷப்பரீட்சை.

அதே தளத்தில் மெமரி சப்போர்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கும், அந்த போர்டில் எந்தெந்த ராமைப் போட்டுச் சோதித்தார்கள் என்ற பட்டியல். உங்கள் ராம் அதில் இல்லாவிட்டால் ஓடாது என்று அர்த்தமில்லை, அவர்கள் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் புதிதாக வாங்கும்போது அந்தப் பட்டியலில் இருப்பதை வாங்கினால் நிம்மதி.

வாங்கத்தான் வேண்டும் என்றால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதற்கு நம் பக்கத்திலிருந்து மெட்ரோ வசதி, விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். பழைய ஸ்டிக், போர்டு மாடல் போட்டோ, உங்கள் நோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். முடிந்தால் ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட் வாங்குங்கள், 8 இருக்கிறதே இன்னொரு 8 போதுமே என்று தோன்றும், ஆனால் ஜோடியாக வருவது சேர்த்தே சோதிக்கப்பட்டது. ஒற்றைதான் முடியும் என்றால் வேகம், ரேங்க், வோல்ட்டேஜ் மூன்றும் பழையதோடு ஒத்திருக்கட்டும். காசு கொடுப்பதற்கு முன், "அண்ணே, வீட்ல போட்டு டெஸ்ட் பண்ணி எரர் வந்தா மாத்தித் தருவீங்களா, எத்தனை நாள்?" என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் இது ரொம்ப முக்கியம். வந்ததும் அன்றைக்கே மெம்டெஸ்ட், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கெடு முடிந்துவிடும்.

ராம் சரியான பிறகும் இரண்டு மூன்று நாள் எங்காவது கிராஷ் ஆகலாம், பயப்படாதீர்கள். தப்பான ராமோடு ஓடிய நாட்களில் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்கள் அப்படியே கிடக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் (sfc /scannow) ஓட்டுங்கள், டிஸ்க் செக்கும் ஓட்டுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால், ஃபார்மட் அடிப்பதற்கு இதுதான் நேரம். அந்த நாட்களில் சேமித்த முக்கியமான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். டி.டி.பி. கடையில் இரண்டு பத்திரிகை ஃபைல் திறக்கவே இல்லை, வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் இருந்த ப்ரூஃபைப் பார்த்து அண்ணன் திரும்பச் செய்தார்.

கேபினட் மூடியை மாட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் எந்த ஸ்டிக் எந்த ஸ்லாட், என்ன வேகம், என்றைக்கு டெஸ்ட் செய்தது என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த வருஷம் வேறு யாராவது திறப்பார்கள், 3200 ராம் 2666-ல் ஓடுகிறதே என்று பார்த்ததும் கை எக்ஸ்.எம்.பி.க்குத்தான் போகும். அண்ணன் கடை சிஸ்டத்தில் அந்தத் தாள் இப்போதும் இருக்கிறது, பத்திரிகை அடிக்கும் தடித்த அட்டையில், பெரிய சிவப்பு எழுத்தில், "எக்ஸ்.எம்.பி. போடாதே" என்று அவரே பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்.